தொப்பியும் சிவப்புத் தாளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையைச் சாத்தலாம் என்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அதற்குள் குனிந்து உள்ளே வந்தான் ஒரு தம்பி. அரியலூர்ப் பக்கம் ஊர், பெரம்பலூரில் தங்கிப் படிக்கிறான். போனை நீட்டினான்.

"அண்ணே, இந்த மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியுமா? வண்டி டேங்க்ல ஒட்டணும்."

பார்த்தேன். பின்னணி கறுப்பும் சிவப்புமாக, குறுக்கே சாய்வாக வெட்டியது. நடுவில் பகத்சிங். தொப்பி, முறுக்கிய மீசை, நேராக நம்மைப் பார்க்கிற கண்கள். படத்தின் மேல் பழைய சினிமா ரீல் மாதிரி கீறல்கள். மூலையில் வட்டத்துக்குள் ஆங்கில முதலெழுத்து. விரலால் தள்ளத் தள்ள அதே பாணியில் இன்னும் பத்துப் பதினைந்து படம். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாடுகள். நிறம் மட்டும் அதே கறுப்பு சிவப்பு. இன்ஸ்டாவில் இதற்கு 'ஏஸ்தெடிக்' என்று பெயராம்.

"கீழ 'அராஜகம்'னு தமிழ்ல பெருசா போடுங்கண்ணே. கெத்தா இருக்கும்."

அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். இருபது வருஷமாக ஃப்ளெக்ஸும் நோட்டீஸும் ஸ்டிக்கரும் அடிக்கிற தொழில் எனக்கு. 'அராஜகப் போக்கைக் கண்டித்து மாபெரும் கண்டன ஆர்ப்பாட்டம்' என்று எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆளும் தரப்பு செய்தாலும் அராஜகம், எதிர்த்தரப்பு செய்தாலும் அராஜகம், பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டாலும் அராஜகம். நம் ஊரில் அது ஒரு வசவு. அதைப் பெருமையாகத் தன் வண்டியில் ஒட்டிக்கொள்ள ஒருவன் கேட்டது இதுதான் முதல் முறை.

"அராஜகம்னா என்ன தம்பி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "யாருக்கும் அடங்காம இருக்கறதுண்ணே."

பாதி சரிதான். மிச்சப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். போனில் இருந்த படம் பத்து கை மாறி வந்தது; பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. நல்ல பிரதி ஒன்றைத் தேடி எடுத்தேன். ஒரே நிற வினைலில் வெட்ட வேண்டுமென்றால் படத்தில் சாம்பல் நிறமே இருக்கக்கூடாது. இருந்தால் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. ஃபோட்டோஷாப்பில் 'த்ரெஷோல்ட்' என்று ஒரு தள்ளுகோல் இருக்கிறது, 128-இல் தொடங்கும். குறைத்துக்கொண்டே போனால் முகம் வெளுத்துக்கொண்டே வரும். முதலில் மூக்கு போகும், பிறகு தாடையின் கோடு. கடைசியில் தொப்பியும் மீசையும் இரண்டு கண்ணும் மட்டும் வெள்ளையில் மிதக்கும். அப்போதும் அது பகத்சிங்தான், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எண்ணைக் கூட்டினால் கன்னம் இருண்டு தொப்பியோடு சேர்ந்துகொள்ளும். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஐந்து எண் இப்படியோ அப்படியோ போனால் அந்த இருபத்தோரு வயதுப் பையன் முகம் போய், ஏதோ படத்து வில்லன் முகம் வந்துவிடுகிறது. எனக்கு அந்தப் பையன் முகம் வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

அப்பா இதையே கையால் செய்தவர். சுவர் எழுத்து, பஸ் போர்டு, லாரி நம்பர் பிளேட் எல்லாம் எழுதியவர். ஒரே வாசகத்தை ஐம்பது சுவரில் அடிக்க வேண்டுமென்றால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வாங்கி, கறுப்புப் பூச்சைக் கழுவி எடுத்து, பிளேடால் எழுத்தை வெட்டுவார். தமிழில் சுழி அதிகம். சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடாமல் இருக்க ஒரு மெல்லிய பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அதற்குப் 'பாலம்' என்பார். மூன்று சுழி 'ண' வந்தால் முகம் சுளிப்பார். எது விழ வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பார்க்கிற கண் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

இப்போது அந்தத் தொப்பிப் படம். பகத்சிங்கின் உண்மையான புகைப்படங்கள் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை நான்கு. சிறுவனாக ஒன்று. லாகூர் தேசியக் கல்லூரி நாடகக் குழுவோடு தலைப்பாகை கட்டி நிற்பது ஒன்று. 1927-இல் போலீஸ் காவலில், கயிற்றுக் கட்டிலில், தலைமுடி அவிழ்ந்து உட்கார்ந்திருப்பது ஒன்று. நான்காவதுதான் இந்தத் தொப்பி. 1929 ஏப்ரல் தொடக்கத்தில், டெல்லி காஷ்மீரி கேட்டில் ராம்நாத் என்பவரின் ஸ்டுடியோவில் எடுத்தது. சில நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று, மத்திய சட்டமன்றத்தில் அவரும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டு வீசிவிட்டு, ஓடாமல் நின்று கைதானார்கள்.

அந்தத் தொப்பி அழகுக்குப் போட்டதில்லை. 1928 டிசம்பரில் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸை அவரும் தோழர்களும் சுட்டுக் கொன்ற பிறகு, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவ முடியை வெட்டி, கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, இயக்கத் தோழர் துர்காவதி தேவியை மனைவி போல உடன் அழைத்துக்கொண்டு ரயிலேறிய மாறுவேடம் அது. யாரும் தன்னை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று போட்ட தொப்பி, நூறு வருஷம் ஆகப்போகிற இந்நாளில் அவரது அடையாளமாகவே நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தியாகிகளை வெறும் படமாக்கிவிட்டார்கள்' என்று நம்மவர்கள் வருத்தப்படுவதுண்டு, நானும் பட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் படம் விஷயத்தில் அது முழுக்கச் சரியில்லை. குண்டு வீசினால் திரும்பி வர முடியாது என்று தெரிந்தே, அதற்கு முன்னால் போய் ஸ்டுடியோவில் உட்கார்ந்தவர் அவர். தத்தும் எடுத்துக்கொண்டார். நாளை பத்திரிகையில் வர வேண்டும் என்றே எடுத்த படம். 1931 மார்ச் 23-இல் தூக்கிலிட்ட பிறகு வடநாட்டு அச்சகங்களில் அவர் படம் போட்ட வண்ணச் சுவரொட்டிகள் அச்சாகிக் கொண்டே இருந்தன. சர்க்காரும் தடை போட்டுக்கொண்டே இருந்தது. ஆக, தம்பி தன் டேங்கில் ஒட்டக் கேட்பது பகத்சிங்குக்கு விரோதமான காரியம் இல்லை. படத்தோடு போக வேண்டிய துண்டறிக்கை மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அந்தத் துண்டறிக்கை நிஜமாகவே இருந்தது. சட்டமன்றத்தில் குண்டோடு வீசிய தாள்களில், இதே மாதிரி ஒரு காரியத்தைச் செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். அகுஸ்த் வையோன். 1893 டிசம்பரில் பாரிஸ் நாடாளுமன்றத்தில் குண்டு வீசியவர், தன்னை அரசின்மைவாதி, அதாவது 'அனார்க்கிஸ்ட்', என்று சொல்லிக்கொண்டவர். நாம் 'அராஜகம்' என்று திட்டுவது இந்தச் சொல்லைத்தான். பகத்சிங் 1928-இல் பஞ்சாபின் 'கீர்த்தி' இதழில் அரசின்மைவாதம் பற்றித் தொடராகவே எழுதியிருக்கிறார். மக்கள் கேட்டதுமே பயப்படும்படி அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்தக் கட்டுரைகளில் அவர் சொல்கிற ஒரு விஷயம். பெரம்பலூரில் நான் அடித்த அத்தனை 'அராஜக' நோட்டீஸும் அதற்குச் சாட்சி.

அதற்காக அவரை அரசின்மைவாதி என்று முத்திரை குத்த மாட்டேன். அரசின்மைவாதி பக்கூனினைப் படித்தேன், மார்க்ஸைக் கொஞ்சம், லெனினை நிறைய என்று தான் படித்ததை அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். கடைசியில் சோசலிசப் பக்கம் வந்து சேர்ந்தார். சிறையில் அவர் வைத்திருந்த குறிப்பேடு 404 பக்கம். அந்த வயதில் நான் அத்தனை பக்கம் படித்திருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். தொப்பிக்குக் கீழே இருந்த தலை அது.

நம்மூர் அந்தத் தலையைக் கவனிக்காமல் இல்லை. தூக்கிலிட்ட ஆறாம் நாள், 1931 மார்ச் 29 'குடி அரசு' இதழில் பெரியார் தலையங்கமே எழுதினார். 'நான் ஏன் நாத்திகன்' என்று பகத்சிங் சிறையில் எழுதியதை ஜீவானந்தம் தமிழாக்க, அதை வெளியிட்டதற்காகப் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் ஜீவாவும் கைதானார்கள். பஞ்சாபி ஒருவர் எழுதியதற்காக ஈரோட்டில் கை விலங்கு. எழுத்துக்கு அப்போது அத்தனை கனம் இருந்திருக்கிறது.

சரி, அரசின்மைவாதம் என்றால் என்ன? தம்பிக்கு நான் சொன்னது இதுதான். 'யாருக்கும் அடங்காதே' என்பதோடு அது முடிவதில்லை. 'யாரையும் அடக்காதே' என்பதும் அதே அளவுக்கு உண்டு. மேலே இருந்து ஒரு கட்டளை இல்லாமலே, மக்கள் தங்களுக்குள் கலந்து பேசி, ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ முடியும் என்கிற நம்பிக்கை அது. ரஷ்யாவின் கிரபோத்கின் 1902-இல் பரஸ்பர உதவி பற்றித் தனிப் புத்தகமே போட்டார். நான் அவனுக்கு ஏரியை உதாரணம் காட்டினேன். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் சோழகங்கத்தை வெட்டியது ராஜா. ஆனால் எந்த ஏரியானாலும் மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை, கரை உடைந்தால் வீட்டுக்கு எத்தனை ஆள் என்பதை ராஜாவா வந்து சொன்னார்? ஊர் கூடி முறை வைத்தது. சொல்லும்போதே எனக்குள் ஒன்று இடறியது. அந்த ஊர்க்கூட்டத்தில் யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யார் கைகட்டித் தள்ளி நின்றார்கள்? யாருடைய தெருவுக்குத் தண்ணீர் கடைசியில் வந்தது? அரசு இல்லாத இடத்தில் சாதி அரசாக உட்கார்ந்திருந்தது. அதையும் தம்பியிடம் சொன்னேன். "அப்ப அதையும் சேர்த்துத்தானண்ணே அடங்கக்கூடாது" என்றான். படிக்கிற பிள்ளை, பிடித்துக்கொண்டான்.

நிறத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கறுப்பையும் சிவப்பையும் குறுக்கே சாய்த்து வெட்டினால் அது ஸ்பெயின் அரசின்மைவாதத் தொழிற்சங்கக்காரர்களின் கொடி, 1936 உள்நாட்டுப் போரில் பார்சிலோனா தெருவெல்லாம் பறந்த நிறம். அந்த வட்டத்து எழுத்து அதைவிட ரொம்பப் புதுசு, 1964-இல் பாரிஸ் இளைஞர்கள் சிலர் கொண்டுவந்தது. பகத்சிங் அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் நம்மூரில் கறுப்பு சிவப்பைக் கிடையாகப் போட்டால் தி.மு.க. கொடி, கறுப்பில் சிவப்பு வட்டம் போட்டால் தி.க. கொடி. பாலக்கரையில் வண்டியை நிறுத்தினால் பார்க்கிறவர்கள் கட்சிக்காரப் பையன் என்றுதான் நினைப்பார்கள். இணையத்திலிருந்து எடுத்த பாணியை அப்படியே இறக்கினால் நம் கண்ணுக்கு வேறு அர்த்தம் தருகிறது. இதை அவனிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஆச்சார்யா ஞாபகம் வந்தார்.

எம்.பி.டி. ஆச்சார்யா. மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சார்யா. 1887-இல் சென்னையில் பிறந்தவர். பகத்சிங் அரசின்மைவாதத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தவர் என்றால், இவர் அதிலேயே குடியிருந்தவர். இந்தியாவில் இருந்து போன அரசின்மைவாதிகளில் முதன்மையானவர், தமிழ்நாட்டுக்காரர். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழை நடத்திய மண்டயம் குடும்பத்துப் பிள்ளை. 'இந்தியா' சிவப்புத் தாளில் அச்சான இதழ். முகப்பில் கருத்துப்படம் போட்ட இதழ். தமிழ்ப் பத்திரிகையில் கருத்துப்படத்துக்கு வழி போட்டதே அதுதான். சென்னையில் அடக்குமுறை நெருக்க, 1908-இல் புதுச்சேரிக்குப் போன அந்த இதழ் வேலைகளில் கூட நின்றவர் ஆச்சார்யா. தம்பி இன்ஸ்டாவில் தேடிய அந்த 'ஏஸ்தெடிக்' நூறு வருஷத்துக்கும் முன்னால் திருவல்லிக்கேணிக்காரர்கள் கையில் இருந்திருக்கிறது.

1908 கடைசியில் ஆச்சார்யா கப்பல் ஏறினார். லண்டனில் வ.வே.சு. ஐயரோடும் சாவர்க்கரோடும் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் இருந்தார். பிறகு பாரிஸ், பெர்லின், கான்ஸ்டான்டிநோபிள், நியூயார்க், முதல் உலகப்போர் சமயத்தில் மறுபடி பெர்லின், ஸ்டாக்ஹோம். 1919-இல் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார், பிறகு காபூல் போனார். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது அதன் தலைவர் இவர்தான். சில மாதத்திலேயே அதே கட்சியைத் தொடங்கிய எம்.என். ராயோடு முரண்பட்டு வெளியே வந்துவிட்டார். வெள்ளைக்காரன் அதிகாரத்தை எதிர்த்துக் கிளம்பியவர், கட்சியின் அதிகாரத்துக்கும் தலையாட்டவில்லை. 1922-இல் பெர்லின் திரும்பி, அங்கே கூடிய உலக அரசின்மைவாதத் தொழிற்சங்கக்காரர்களோடு சேர்ந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை மாறவில்லை. எந்த நாட்டில் எந்தச் சின்னப் பத்திரிகை இடம் கொடுத்தாலும் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனசு வராது. மக்தா நக்மன். ரஷ்ய ஓவியர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லியோன் பாக்ஸ்டிடம் படித்தவர். கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை 1913-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். பெர்லினில் எழுத்தாளர் நபகோவையும் வரைந்தார். அந்த மூலப் படம் காணாமல் போய்விட்டது. ஹிட்லர் வந்தபின் பெர்லினில் இருக்க முடியாமல் சூரிச் வழியாக இருவரும் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். பம்பாயிலும் அவர் வரைந்துகொண்டே இருந்தார். 1951 பிப்ரவரியில் தன் கண்காட்சி திறக்கச் சில மணி நேரம் இருக்கும்போது இறந்துபோனார். ஆச்சார்யா மூன்று வருஷம் கழித்து, 1954 மார்ச்சில், அதே பம்பாயில், வறுமையில் போனார். ஊர் ஊராக முகம் முகமாகத் தீட்டிய ஒரு பெண் வீட்டிலேயே இருந்தும் ஆச்சார்யாவின் முகம் நம்மில் யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். ஓலே பிர்க் லவுர்சன் என்கிற ஆய்வாளர் தொகுத்து 2019-இல் அவர் கட்டுரைகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. அதன் வழியாகத்தான் என் போன்றவர்களுக்கு அவர் வந்து சேர்ந்தார்.

"இவருக்கு ஒரு ஸ்டிக்கர் போடலாமாண்ணே?" என்றான் தம்பி.

இணையத்தில் ஒன்றிரண்டு பழைய புகைப்படம் கிடைத்தது. த்ரெஷோல்டில் போட்டால் எந்த எண்ணிலும் நிற்கவில்லை. மீசையும் தொப்பியும் மாதிரி பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத முகம். கோட்டுப் போட்ட யாரோ ஒருவர், அவ்வளவுதான் தெரிந்தது. இரண்டு நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். பிறகு தோன்றியது: தலைவர் வேண்டாம் என்று சொன்னவருக்கு முகத்தை எதற்காக இழுத்துப் பிடிக்கிறேன்? அவரிடம் இருந்தது ஊர்களின் வரிசை. அதைப் பார்த்ததும் எனக்குப் பஸ் போர்டுதான் நினைவுக்கு வந்தது. புறப்படும் ஊர், சேரும் ஊர், நடுவில் 'வழி' என்று சின்னதாக எழுதி அதன் கீழ் ஊர்ப் பெயர்கள். பெரம்பலூர் - அரியலூர் போர்டை அப்பா எத்தனை முறை எழுதியிருப்பார்!

வினைல் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு தகரப் பலகையை வாங்கி, தேய்த்து, சிவப்பு அடித்துக் காயவைத்து, வீட்டுக்கு எடுத்துப் போனேன். சிவப்பு, 'இந்தியா' இதழின் தாளுக்காக. அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. பிரஷ் பிடித்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கேட்டதும் ஒன்றும் சொல்லவில்லை. சாக்பீஸ் தடவிய நூலை என்னை ஒரு முனையில் பிடிக்கச் சொல்லி, சுண்டி, மூன்று கோடு போட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, கறுப்பு எனாமலில் எழுதத் தொடங்கினார்.

சென்னை. கோடு. பம்பாய். அதன் கீழே, வழி: புதுச்சேரி, பாரிஸ், லண்டன், கான்ஸ்டான்டிநோபிள், நியூயார்க், ஸ்டாக்ஹோம், மாஸ்கோ, காபூல், தாஷ்கண்ட், பெர்லின்.

'கான்ஸ்டான்டிநோபிள்' எழுதும்போது இடம் போதாமல் எழுத்தை நெருக்கினார். நடுக்கத்தில் 'டா'வின் கால் கொஞ்சம் கோணிவிட்டது. துடைக்கட்டுமா என்று துணியை எடுத்தேன். "இருக்கட்டும்" என்றார்.

முழுக்க எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். யார் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். பாரதி பத்திரிகையில் இருந்தவர், மனைவி படம் வரைகிறவர், கடைசிவரை எந்தக் கொடிக்குக் கீழேயும் நிற்காதவர் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். காய்ந்துகொண்டிருந்த பலகையைத் திருப்பி, வெறும் தகரமாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ரிட்டர்ன் போர்டு எழுத வேண்டாமா? பம்பாய்ல இருந்து மெட்ராசுக்கு?"

"இல்லப்பா. அவரு திரும்பி வரல. அங்கேயே போய்ச் சேர்ந்துட்டாரு."

அப்பா பிரஷைத் தின்னரில் போட்டார். "அந்தப் பக்கமும் சிவப்பு அடிச்சு வை" என்றார்.

பலகை இப்போது கடையில் தொங்குகிறது. தம்பி மறுநாள் வந்து தன் ஸ்டிக்கரை வாங்கிப் போனான். வேண்டாத துண்டுகளை நானே ஊசியால் உரித்து, டேப் போட்டு, அவன் டேங்கில் நானே ஒட்டிக் கொடுத்தேன். கறுப்பு மட்டும், சிவப்பு இல்லை. வண்டி ஏற்கெனவே சிவப்பு. தொப்பி, மீசை, கண்கள். கீழே 'அராஜகம்' என்று போடவில்லை. என்ன போடலாம் என்று அவனையே கேட்டேன். 'கீர்த்தி, 1928' என்று போடச் சொன்னான். யாராவது என்னவென்று கேட்டால் சொல்வதற்கு இருக்கட்டும் என்றான்.